ஓதம் ஏறிய வீடு: ஆறு லட்சமா, ஒரு டப்பா பெயிண்டா?

கேள்வி: சார், சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீடு. 1988ல் அப்பா கட்டியது. அப்பாவுக்குத் தறித் தொழில். ஹாலில் இரண்டு குழித்தறி இருந்தது. அவர் காலத்துக்குப் பிறகு குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டினோம். மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஐந்தாறு வருடமாக ஹால் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து உப்பு கொட்டுகிறது. படுக்கையறை மேல்தளத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கறை. போன மாதம் அங்கிருந்து ஒரு பாளம் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, அப்போது யாரும் படுத்திருக்கவில்லை. இது போதாதென்று ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி சாக்கடைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வீட்டுக்குள் வந்து, விடியும்போதுதான் வடிந்தது. ஒரு காண்ட்ராக்டர் ஆறு லட்சம் ஆகும் என்கிறார். தெரிந்த மேஸ்திரி, 'ஓதம் தடுக்குற பெயிண்ட் ஒரு டப்பா அடிச்சா போதுங்க' என்கிறார். உங்களைப் போல் கட்டடங்களைச் சோதிக்கிறவர்கள் எதை வைத்துப் பாதிப்பு இவ்வளவு என்று சொல்கிறீர்கள்? நாங்கள் யாரை நம்புவது?

ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: வணக்கம் அம்மா. மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கட்டிலைக் கறைக்கு அடியிலிருந்து இழுத்து வேறு பக்கம் போடுங்கள். பிள்ளைகள் இப்போதைக்கு அந்த அறையில் படுக்க வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்களுக்குக் கிடைத்த இரண்டு யோசனையிலும் குறை ஒன்றுதான். ஆறு லட்சம் சொன்னவரும் சரி, ஒரு டப்பா சொன்னவரும் சரி, சுவரைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். எதையும் தட்டிப் பார்த்ததாகவோ அளந்து பார்த்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. கறை என்பது தண்ணீர் கடைசியாக வந்து சேர்ந்த இடம். அது புறப்பட்ட இடம் வேறாக இருக்கும், வருகிற வழியில் அது கெடுத்த பொருள் வேறாக இருக்கும். அது இரண்டும் தெரியாமல் தொகை சொல்வது, அளவெடுக்காமல் துணியை வெட்டுகிற மாதிரி.

கறையின் அளவு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு என் அனுபவத்தில் இருந்தே இரண்டு வீடுகளைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். 'ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் நிற்க மாட்டேங்குது, நல்ல பெயிண்டா ஒண்ணு சொல்லுங்க' என்பதுதான் அழைப்பே. போய்ப் பார்த்தால் மண் சாந்தில் கருங்கல் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். கறை இருந்த இடத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. கல்லுக்கு நடுவே இருந்த மண் சாந்து களி மாதிரி குழைந்து கிடந்தது. வெளியே போய் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் நடுவில் இரண்டு அங்குலம் வயிறு தள்ளி நின்றது. மேட்டுப் பக்கம் இருந்த வடிகால், சில்வர் ஓக் சருகு விழுந்து அடைத்து எத்தனை மழைக்காலம் ஆகியிருந்ததோ தெரியாது. மலைத் தண்ணீர் முழுக்கச் சுவரின் முதுகில்தான் நின்றிருக்கிறது. அன்றைக்கு ராத்திரிக்குள் அந்த அறையைக் காலி செய்யச் சொன்னேன். முட்டுக் கொடுத்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

இன்னொன்று இங்கே பேர்லேண்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீடு. சாப்பாட்டு அறை மேல்தளம் முழுக்கப் பழுப்பு நிறம், மூலைக்கு மூலை சொட்டு. அந்த அம்மா கிட்டத்தட்ட அழுதுவிட்டார். மேல் வீட்டு ஃப்ளஷ் டேங்க் இணைப்பு ஒன்று கழன்று, வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத இரண்டு நாள் ஒழுகியிருக்கிறது, அவ்வளவுதான். பிளம்பருக்குக் கூலி கொடுத்து, சில வாரம் காற்றாட விட்டு, பெயிண்ட் அடித்தார்கள். கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, காங்கிரீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், எந்தத் தண்ணீர், எத்தனை நாள், எந்தப் பொருளுக்குள் போனது, அந்தப் பொருள் எதைத் தாங்கி நிற்கிறது, இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்ற கேள்விகளில்தான். தட்டுவது, குத்துவது, கருவி வைப்பது எல்லாம் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடத்தான்.

இதற்கென்றே அமெரிக்காவில் ஒரு தரவிதி இருக்கிறது. ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமைப்பு வெளியிடும் எஸ்500. தண்ணீரின் அழுக்கை வைத்து மூன்று ரகம்: குழாயில் வரும் நல்ல தண்ணீர் முதல் ரகம், வாஷிங் மெஷின் கழிவு மாதிரி ஓரளவு அழுக்கானது இரண்டாம் ரகம், சாக்கடையும் வெள்ளமும் மூன்றாம் ரகம். முதல் ரகத் தண்ணீரும் தேங்கி நின்றால் நாளாக ஆகக் கீழ் ரகத்துக்கு இறங்கிவிடும் என்றும் அதில் உண்டு. வெயில் ஊரில் சீக்கிரமே இறங்கும். பிறகு, ஈரம் எவ்வளவு பரவியிருக்கிறது, உலர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை வைத்து நான்கு வகுப்பு. ஓர் அறையின் தரை, சுவர், மேல்தளம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஈரம் உறிஞ்சிய பரப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் வகுப்பு, 40 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. நான்காம் வகுப்பு மட்டும் பரப்பைப் பார்க்காது. செங்கல், காங்கிரீட், கெட்டி மரம் மாதிரி பொருளின் ஆழத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொண்டு லேசில் வெளியே வராத நிலை அது. அவர்கள் ஊரில் சுவரென்றால் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. நனைந்தால் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாக அடித்துக்கொள்வார்கள். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை அப்படி அறுத்து எறிய முடியுமா? அதனால் அந்தக் கணக்கில் நம் வீடுகள் பெரும்பாலும் நான்காம் வகுப்பில்தான் வந்து நிற்கும். அவர்களுடைய தண்ணீர் ரகத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு நம் கொத்தனார்களின் கைப்பழக்கமும் நம் நாட்டுத் தரவிதிகளான ஐ.எஸ். விதிகளும்தான் எனக்குத் துணை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் ஒரே பிரச்சினையாக எழுதியிருந்தாலும் அது மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, அவசரமும் வேறு.

பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரிகிற மேல்தளக் கறைதான் எனக்குக் கவலை. கட்டிலில் விழுந்த பாளத்தைத் தூக்கி எறியவில்லை என்றால் அதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அரை அங்குல கனத்தில், பின்பக்கம் வழுவழு என்று இருந்தால் அது வெறும் பூச்சு. மேலே தளத்திலும் அந்த இடம் வழுவழு என்று சாம்பல் நிறமாக இருக்கும். அப்போது பூச்சு வேலையின்போது தளத்தைச் சரியாகக் கொத்தாமல் பூசியிருக்கிறார்கள், ஈரம் பட்டதும் விட்டுவிட்டது என்று அர்த்தம். பாளத்தில் ஜல்லி தெரிந்து, பின்பக்கம் ஒரு பள்ளமான கோடும் அதில் செம்பழுப்புத் துருவும் இருந்தால் கதை வேறு. கம்பி துருப்பிடித்து, தன்மேல் இருந்த காங்கிரீட்டையே நெட்டித் தள்ளியிருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பருத்துவிடும். அந்த நெருக்கலைக் காங்கிரீட் தாங்காது.

1988 என்றால் அநேகமாக முறுக்குக் கம்பிதான் போட்டிருப்பார்கள். இன்றைய டி.எம்.டி. கம்பியோடு ஒப்பிட்டால் அது துருவுக்கு இளகிய மனசு. தவிர, அன்றைய ஐ.எஸ். 456 விதியில் தளத்துக் கம்பிக்கு அடியில் 15 மில்லிமீட்டர் கவரிங், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட், இருந்தால் போதும். 2000ல் வந்த திருத்தம்தான் அதைப் பொதுவாக 20 ஆக்கியது. அந்த 15ஆவது உண்மையில் இருந்ததா என்பது, கம்பிக்கு அடியில் கல் வைத்துத் தூக்கிய சித்தாளுக்குத்தான் தெரியும்.

நான் வந்தால் முதலில் ஒரு சின்னச் சுத்தியலோடு ஸ்டூலில் ஏறுவேன். கறையின் நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக அரை அடிக்கு ஒரு தட்டு. நல்ல தளம் 'ணங்' என்று கெட்டியாகப் பேசும். விட்டுப்போன இடம் காலிப் பானை மாதிரி 'டொப்' என்கும். எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு. முடித்துவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தால், தட்டு அளவுக் கறையைச் சுற்றிக் கட்டில் அளவுக்குச் சாக்பீஸ் வட்டம் நிற்பது சாதாரணம். உண்மையான பாதிப்பின் அளவு அதுதான். இதை வீட்டில் நீங்களே செய்ய வேண்டாம், தட்டும்போதே பெயர்ந்து விழும். பழகிய ஆள் தலைக்கவசத்தோடு செய்யட்டும்.

பிறகு பெயர்ந்த இடத்தில் கம்பியைக் கம்பி பிரஷால் தேய்த்து, விட்டத்தைத் துல்லியமாகக் காட்டும் வெர்னியர் வைத்து அளப்பேன். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகிவிட்டது என்றால் 'ஒரு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். ஆனால் பலம் விட்டத்தில் இல்லை, வெட்டுப் பரப்பில் இருக்கிறது. எட்டை எட்டால் பெருக்கினால் 64, ஏழை ஏழால் பெருக்கினால் 49. கிட்டத்தட்ட கால்வாசி பலம் போய்விட்டது. பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை, கூடுதல் கம்பி சேர்க்கத் தேவை வரலாம். அதோடு, உடைத்த காங்கிரீட்டின் புது முகத்தில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்போம். காரத்தன்மை மிச்சமிருக்கும் காங்கிரீட் பளிச்சென்று ரோஸ் நிறமாகும். நிறம் வராத பகுதி, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி வாங்கிக் காரம் இழந்தது. நிறம் வராத பகுதி கம்பியைத் தாண்டிவிட்டிருந்தால், கம்பிக்கு இருந்த காவல் போய்விட்டது என்று பொருள். இன்றைக்குத் துரு இல்லாத இடத்திலும் ஈரம் பட்டால் நாளைக்குத் துரு வரும்.

தளம் தொங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சுவருக்குச் சுவர் நூல் கட்டினாலே போதும். விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் நகர்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கறைக்கு நேர் மேலே மாடி வீட்டுக் குளியலறை இருக்குமென்று ஊகிக்கிறேன். மழை இல்லாத மாசியிலும் பங்குனியிலும் ஈரம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தால் அது மொட்டைமாடித் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர். மேலே தண்ணீர் வரும் குழாய் கசிந்தால் ராப்பகலாக ஒரே மாதிரி ஈரம் இருக்கும். கழிவு போகும் குழாயோ, தரையில் தண்ணீர் இறங்கும் ப்ளோர் டிராப்போ கசிந்தால், மாடியில் குளித்து முடித்த கொஞ்ச நேரத்தில் கூடி, அவர்கள் ஊருக்குப் போன நாட்களில் காய்ந்துவிடும். வாடகைக்காரர் எப்போது ஊருக்குப் போகிறார் என்பது என் கருவிகளை விட நல்ல சோதனை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மேல் டேங்க்கில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் வரும் குழாயில்தான் கசிவு. கழிவுக் குழாய்க்குச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றிப் பார்ப்பதுண்டு. கீழே நீலம் தெரிந்தால் உறுதி. தெரியாவிட்டால் ஒன்றும் உறுதி இல்லை, காங்கிரீட் சில சமயம் சாயத்தை வடிகட்டிவிடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெப்பக் கேமரா வைத்துச் சுவரைச் சிவப்பும் நீலமுமாகப் படம் காட்டி, 'நீலமா இருக்குறதெல்லாம் தண்ணிங்க' என்று பயமுறுத்துகிறவர்கள் இப்போது நிறைய வந்துவிட்டார்கள். அந்தக் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து நீலமாகத் தெரியும். ஏசி காற்று படும் இடமும் நீலமாகத்தான் தெரியும். எங்கே தேட வேண்டும் என்று காட்ட அது நல்ல கருவி. முடிவு சொல்ல அது மட்டும் போதாது.

அடுத்தது ஹால் சுவர். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் இது இன்றைக்கு நாளைக்கு யார் தலையிலும் விழப்போவதில்லை. ஆனால் காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமானது இதுதான்.

எங்கள் பையில் இருக்கும் ஈரமானிக்கு இரண்டு ஊசி. சுவரில் குத்தினால், ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து ஓர் எண் காட்டும். இது மரத்துக்காக அளவு குறித்த கருவி. மரத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்காது என்று நம்பலாம். செங்கல் சுவரில் அதே 20ஐக் காட்டி 'சுவரில் இருபது சதவீதம் தண்ணீர்' என்று யாராவது சொன்னால், அவருக்குக் கருவியைப் பற்றித் தெரியவில்லை. அதுவும் உங்கள் சுவரில் உப்பு இருக்கிறது. உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த சுவர்கூட உப்பினால் நனைந்த சுவர் மாதிரி எண் காட்டும். நம் ஊர்ப் பக்கம் போர் தண்ணீரில் கலவை கலந்து, போர் தண்ணீரிலேயே சுவரை நனைத்துக் கட்டிய வீடுகளில் இந்த ஏமாற்று அதிகம். அதனால் ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. தரையிலிருந்து அரை அடிக்கு ஒரு குத்து என்று மேலே ஏறிக்கொண்டே போய், எண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பேன். கீழே அதிகமாக இருந்து மேலே போகப் போகச் சீராகக் குறைந்து, ஒரு மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டால் நிலத்து ஈரம் ஏறுகிறது. நடுவில் திடீரென்று கூடினால் சுவருக்குள் குழாய். வெளிச்சுவரில் மட்டும், மழைப் பக்கம் மட்டும் என்றால் மழைச் சாரல்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கார்பைடு சோதனை. சுவரில் துளையிட்டு வரும் தூளை எடைபோட்டு, கால்சியம் கார்பைடு பொடியோடு ஒரு குடுவையில் போட்டு மூடிக் குலுக்குவோம். தூளில் உள்ள ஈரம் கார்பைடோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவாகும். அந்த வாயுவின் அழுத்தம் குடுவையின் அடியிலிருக்கும் மீட்டரில் ஈரத்தின் அளவாகத் தெரியும். உப்பு இருந்தாலும் இது ஏமாறாது. சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை. மாம்பழ சீசனில் 'கல்லு வெச்சுப் பழுத்தது' என்று ஒதுக்குகிறோமே, அதே கல்தான். பழத்துக்குத்தான் தடை, சுவருக்கு இல்லை. துளை போடும்போது டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் சூட்டிலேயே தூள் காய்ந்து, சுவர் நல்லபடியாக இருப்பதாகப் பொய் சொல்லும். ஓர் அங்குல ஆழத்தில் ஒன்று, நான்கு அங்குல ஆழத்தில் ஒன்று என்று இரண்டு தூள் எடுப்பேன். உள்தூளில் ஈரம் அதிகமென்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேல்தூளில் மட்டும் அதிகமென்றால், காற்றின் ஈரத்தை உப்பு இழுத்து வைத்திருக்கிறது, அல்லது பனி வியர்த்திருக்கிறது. ஏற்காட்டு வீடுகளில் இந்த வியர்வை சர்வசாதாரணம். மூடுபனி மாதங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே வெந்நீர் வைத்தால் சுவரெல்லாம் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். 'மலையிலிருந்து ஊத்து வருது' என்பார்கள். வருவது அவர்கள் அடுப்பிலிருந்து. அம்மாப்பேட்டை வெயிலில் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி எது தெரியுமா? தறிக்குழியை மண் போட்டு மூடியதுதான். காண்ட்ராக்டரும் மேஸ்திரியும் அதைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டார்கள். நெசவாளி உட்கார்ந்து கால் தொங்கவிட்டு மிதிக்கும் ஆழத்துக்குத் தோண்டிய குழி அது, சுவரை ஒட்டியும் இருந்திருக்கும். அதில் இறுக்கிக் குத்தாமல் தளர்வாக மண் கொட்டியிருந்தால், சுற்றியுள்ள கெட்டி மண்ணைவிட அது சுலபமாகத் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மழைக்கும், சாக்கடை நிரம்பும் ஒவ்வொரு முறைக்கும், உங்கள் டைல்ஸுக்கு அடியில் ஒரு தொட்டி நிரம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் அதில் திரி மாதிரி நின்று உறிஞ்சுகிறது. பேஸ்மட்டத்தில் ஓதம் தடுக்கும் அடுக்கு போட்டிருந்தாலும், குழி அதற்கு மேல்மட்டத்தில் சுவரைத் தொட்டால் அந்த அடுக்கால் பயனில்லை. இது என் ஊகம்தான், பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பழைய குழி இருந்த பக்கத்தில் மட்டும் உப்பு கொட்டி, எதிர்ச் சுவர் நன்றாக இருந்தால் ஊகம் பாதி நிரூபணமாகிவிடும். அங்கே இரண்டு டைல்ஸை எடுத்துவிட்டு, கடப்பாரையால் ஒரு முழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். பிடித்த பிடியில் கொழுக்கட்டை மாதிரி நின்றால் குழி நனைந்துதான் இருக்கிறது.

குழிதான் காரணமென்றால் சுவருக்கு ஓதம் தடுக்கும் எந்த ரசாயனமும் ஏற்றத் தேவையில்லை. மண்ணை அள்ளிவிட்டு, அடுக்கடுக்காகக் குத்தி நிரப்பி, பிளாஸ்டிக் ஷீட் விரித்துக் காங்கிரீட் போட்டால் வேலை முடிந்தது. பிறகு கெட்டுப்போன பூச்சை, உப்பு ஏறிய உயரத்துக்கு மேலும் ஓர் அடி சேர்த்துக் கொத்தி எடுத்துவிட வேண்டும். உப்பு அதில்தான் இருக்கிறது.

மேஸ்திரியின் பெயிண்ட் யோசனை ஏன் ஆகாது என்றால், ஈரச் சுவரை முன்பக்கம் அடைத்தால் தண்ணீர் நிற்காது, வழி தேடி மேலே ஏறும். இடுப்பு உயரத்தில் இருந்த கறை ஸ்விட்ச் போர்டு உயரத்துக்கு வரும். நல்ல காற்றோட்டம் இருந்தால் சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது இந்தத் தொழிலில் ஒரு கைக்கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நான்கைந்து மாதம் ஆகும். நம் சித்திரை வெயில் கொஞ்சம் தள்ளுபடி தரும். அதுவரை பொறுமையாக வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம், பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்பார்கள்.

சாக்கடைத் தண்ணீர் வந்தது மூன்றாவது. ஒரு ராத்திரியில் வடிந்ததால் கட்டடத்துக்கு அதனால் பெரிய சேதம் இருக்காது. உடம்புக்குத்தான் கெடுதல், அது மூன்றாம் ரகத் தண்ணீர். நனைந்த மெத்தை, தலையணை, பிளைவுட் அலமாரியின் அடிப்பாகம் இதையெல்லாம் காயவைத்து மீட்கப் பார்க்காதீர்கள். இந்நேரம் பூஞ்சை பிடித்திருக்கும், ஈரம் பட்டு இரண்டு நாளுக்குள்ளேயே அது ஆரம்பித்துவிடும். கெட்டி மரமும் இரும்பும் பிழைக்கும். தரையையும் சுவரின் அடிப்பகுதியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் விடுங்கள். கழிவறை ஆசிட்டை மட்டும் அதோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். தாழ்வாக இருக்கும் பிளக் பாயிண்டுகளை ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மின்கசிவைக் கண்டுபிடிக்கும் மெக்கர் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் சட்டென்று இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லை என்றால் மற்ற எந்தச் செலவுக்கும் முன்னால் அதை மாட்டுங்கள். ஈரச் சுவரில் கை வைத்தால் சுரீர் என்கிற வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

ஆறு லட்சம் அதிகமா என்று கேட்டால், எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள் என்பேன். மேல்தளத்தைத் தட்டிப் பார்த்து இத்தனை சதுர அடி பழுது என்று எழுதியிருக்கிறாரா? கசிவை நிறுத்த ஏதாவது இருக்கிறதா? இல்லாமல், வீடு முழுக்க ரசாயனம், வீடு முழுக்கப் பெயிண்ட் என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ரசாயனம் விற்கிறவரையே நோயையும் கண்டுபிடிக்கச் சொன்னால் அவர் கண்டுபிடிக்கும் நோய்க்கெல்லாம் மருந்து அந்த ரசாயனமாகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. சோதனைக்குத் தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டு, அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அந்த அறிக்கையை வைத்து இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரமே தளத்தைத் தட்டிப் பார்த்து, தொங்கும் பாளங்களைப் பாதுகாப்பாக உதிர்த்துவிட வேண்டும், தேவைப்பட்டால் முட்டு. கூடவே மாடிக் குளியலறைக் கசிவு. கசிவு நிற்காமல் தளத்தில் ஒட்டு வேலை பார்த்தால் இரண்டு மழைக்குள் மறுபடியும் கழன்று வரும். ஹால் சுவர் தை மாதம் வரை காத்திருக்கும், ஒன்றும் ஆகாது.

அதற்கு முன் உங்கள் அம்மா இருந்தால் அவரிடம் கேளுங்கள், இல்லை என்றால் அந்தத் தெருவில் வயசான நெசவுக்காரர் யாரிடமாவது கேளுங்கள். இரண்டு குழியும் ஹாலில் எந்த இடத்தில் இருந்தன, சுவரிலிருந்து எத்தனை சாண், எவ்வளவு ஆழம் என்று. டைல்ஸ்மேல் சாக்பீஸால் இரண்டு கட்டம் வரைந்து, உப்பு கொட்டும் சுவரும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கட்டிலில் விழுந்த பாளத்தின் பின்பக்கத்தையும் ஒரு படம்.